அதிபத்தர் விட்ட மீன்

எம் ஊராகிய கூமாப்பட்டிக்குக் கடல் இல்லை. மேற்கே மலைத்தொடர் சுவரென நிற்ப, அதன் அடியிற் கோவிலாறும் பெரியாறும் பிளவக்கல் அணைகளில் தேங்கி, கண்மாய்களை நிரப்பி, வயல்களிற் பாய்ந்து அடங்கும். இத்துணையே யாம் கண்டு வளர்ந்த நீர். கடலென்பது எமக்குப் பெரும்பாலும் நூல்வழிக் கேள்வியே. பிறவியைக் கடலென்றும், திருவைந்தெழுத்தைப் புணையென்றும், திருவடியைக் கரையென்றும் நாற்பதாண்டு மாணாக்கர்க்குப் பொருள் கூறிவந்த யாம், அக்கடலின்மேற் புணையேறி உயிர் வாழும் மக்களைப்பற்றி ஒருநாளும் ஆழ்ந்து நினைந்திலேம். நினையும்படி செய்தார் ஒருவர். அவர் வினாவிய வினாவுக்கு யாம் அன்று இறுத்த விடை பிழையுடையது. அப்பிழையைத் திருத்திக்கொள்ளுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடியமாவாசைக்கு முன்னாள், சதுரகிரிச் சுந்தரமகாலிங்கப் பெருமானை வழிபடத் தாணிப்பாறை வழியாக மலையேறச் செல்லும் அடியார் சிலர் எம் திண்ணையில் இளைப்பாறினர். மாணாக்கர் இருவர்க்கு யாம் பெரியபுராணத்தில் அதிபத்த நாயனார் வரலாற்றை விரித்துரைத்துக்கொண்டிருந்த நேரம் அது. வந்தவருள் நாகைக் கரையினின்றும் போந்த முதியவர் ஒருவர், ஏறத்தாழ எம் அகவையினர், தூணருகே நின்று முற்றுங் கேட்டார். பாடம் முடிந்தபின் கைகூப்பி, “ஐயா, நாயனார் எங்கள் குலத்தவர். நாள்தோறும் ஒரு மீனை ஐயனுக்கு விட்டார் என்றீர்கள். விட்டது ஒன்று, பிடித்தது பல. அந்தப் பலவற்றின் பாவம் அவரை என்ன செய்தது?” என்று வினாவினார்.

யாம் விடை கூறுமுன் அவரே தொடர்ந்தார். 2004 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, கரையில் விளையாடிக்கொண்டிருந்த அவருடைய பேரனைக் கடல் கொண்டுபோயிற்றாம். துக்கம் கேட்க வந்தாருள் ஒருவர், “தலைமுறை தலைமுறையாக நீங்கள் பிடித்த மீன்களின் பாவந்தான் இப்படி வந்து விடிந்தது” என்று சொல்லிப்போயினராம். “அது மெய்யா, ஐயா? எங்களைப் போன்றவர்க்குத் தீக்கை உண்டா?” என்றார்.

அன்று யாம் கூறியது இது: “பெரியவரே, நாயன்மார் செயல் நமக்கு அளவையாகாது. கொலைத்தொழிலை விட்டுவிட்டு வாரும். தீக்கையைப் பிறகு பேசலாம்.” அவர் எம்மைச் சிறிது நேரம் நோக்கி, “விட்டால் உண்பது எது, ஐயா?” என்று மட்டும் கேட்டு, எம் விடைக்குக் காத்திராமல் மூட்டையைத் தோளிலிட்டு மலையை நோக்கி நடந்தார். பேரனைப்பற்றி அவர் கேட்டதற்கு யாம் ஒரு சொல்லும் கூறவில்லை என்பது அவர் தெருமுனை கடந்தபின்னரே எமக்கு உறைத்தது.

இனி, அவ்வினாவைத் தொடக்கத்திலிருந்து ஆராய்வாம்.

உயிர்க்கொலை பாவம் என்பதிற் சைவர்க்கு ஐயமில்லை. வள்ளுவனார் புலான் மறுத்தலை 26 ஆம் அதிகாரமாகவும் கொல்லாமையை 33 ஆம் அதிகாரமாகவும் வைத்தனர். இரண்டும் துறவறவியலின்பாற் படுவன. ஆயினும், துறவறத்திற் கூறப்பட்டமையான் இல்லறத்தானுக்குக் கொலை இழுக்கன்று என்று பொருள்கொள்ளுதல் தகாது. துறந்தாரால் முற்றக் கடைப்பிடிக்கத்தக்கது, ஏனையோரால் இயன்றவளவு கடைப்பிடிக்கத்தக்கது என்பதே அவ்வைப்புமுறையாற் கொள்ளத்தகும். ஆகவே வினா, கொலை பாவமா அன்றா என்பதன்று. வேறு உணவும் வேறு தொழிலும் இல்லாத இடத்து நிகழும் கொலை உயிரை எவ்வாறு பற்றும், அதனை அறுக்கும் வாயில் எது என்பதே வினா.

இதனை நிலத்தில் நின்று ஆராய்தல் அரிது. நிலத்தில் நெல்லும் உண்டு, காயும் உண்டு, பிறர் ஈகையும் உண்டு. வேறு வழியில்லை என்று நிலத்திலுள்ளான் கூறுவது பெரும்பாலும் பாதி மெய்யேயாம். நடுக்கடலிற் புணைமேல் இருப்பவனுக்கோ அச்சொல் முழுமெய். அவ்வாறு நெடுநாள் மிதந்தார் மூவர் வரலாறு அண்மைக் காலத்தில் உலகறிய நிகழ்ந்தது. அவற்றை இங்கு எடுத்துக்கொள்வாம்.

முதலாவது, பூன் லிம் என்னும் சீனர் வரலாறு. இவர் பென்லோமண்ட் என்னும் ஆங்கிலேய வணிகக் கப்பலில் பணியாளர். இரண்டாம் உலகப்போரின்போது, 1942 நவம்பர் 23 ஆம் நாள் அட்லாண்டிக் மாகடலில் அக்கப்பல் செருமானிய நீர்மூழ்கிக் கலத்தாற் பிளவுண்டு மூழ்கிற்று. இவர் ஒரு மரமிதவையைப் பற்றி ஏறினார். அதிலிருந்த சிற்றுணவும் நீரும் தீர்ந்தபின், கைவிளக்கின் உட்கம்பியை வளைத்துத் தூண்டிலாக்கினார். கயிற்றைப் பிரித்து முறுக்கித் தூண்டிற்கயிறாக்கினார். பெருமீனுக்கு மிதவையின் ஆணியைப் பிடுங்கி வளைத்தார். பிடித்த மீனைக் கீறி வெயிலில் உலர்த்தி வைத்தார். மழைநீரைத் துணியில் ஏந்திக் குடித்தார். இவ்வாறு 133 நாள் தனியே மிதந்து, 1943 ஏப்ரல் 5 ஆம் நாள் பிரேசில் நாட்டுக் கரையருகே மீனவர் சிலரால் மீட்கப்பட்டார். மீனால் உயிர் தாங்கியவரைக் கரைசேர்த்தோரும் மீனவரே. தனியொருவர் மிதவையில் இவரினும் நெடுநாள் உயிர்தாங்கியதில்லை எனப் பிறர் வியந்தபோது, அவ்வளவையை மற்றொருவர் கடக்க நேராதிருக்கட்டும் என்று இவர் விழைந்தனர் என்ப.

இரண்டாவது, நார்வே நாட்டுத் தோர் ஹெயர்தால் என்பவரும் அவர் தோழர் ஐவரும் 1947 இல் செய்த செலவு. தென்னமெரிக்கப் பழங்குடியினர் மரப்புணையேறிப் பசிபிக் தீவுகளை அடைந்திருத்தல் கூடும் என்பதை மெய்ப்பிக்கும் கருத்தினர் இவர். பால்சா என்னும் நொய்ம்மரக் கட்டைகள் ஒன்பதைச் சணற்கயிற்றாற் பிணித்து, ஆணியும் கம்பியும் இன்றி ஒரு புணை செய்து, அதற்குக் கான்-டிக்கி எனப் பெயரிட்டனர். பெரு நாட்டுக் கல்லாவோத் துறையினின்று ஏப்ரல் 28 ஆம் நாள் புறப்பட்டு, 101 நாளில் ஏறத்தாழ 4,300 மைல் கடந்து, ஆகஸ்டு 7 ஆம் நாள் ராரோயா என்னும் தீவின் பவழப்பாரில் மோதிக் கரைசேர்ந்தனர். உணவு உடன்கொண்டு சென்றாராயினும் கடலும் அவர்க்கு ஊட்டிற்று. நம் சோழமண்டலக் கரையார் கோலா என வழங்கும் பறக்கும் மீன்கள் இரவிற் புணைமேல் தாமே வீழ்ந்து கிடக்கும். விடியலில் அவற்றைத் திரட்டுதல் அடுகளப் பணியாளரின் முதற்கடமை. பிறவற்றைத் தூண்டிலிட்டும் பிடித்தனர். சுறாக்களை வாலைப்பற்றி ஈர்த்துப் புணைமேல் ஏற்றுதலை விளையாட்டாகவுங் கொண்டனர்.

மூன்றாவது, பிரஞ்சு மருத்துவராகிய அலேன் பொம்பார் 1952 இற் செய்தது. கப்பல் உடைந்து சிறுபடகிற் பிழைத்தேறியோரும் நாட்டின்மையினும் அச்சத்தாலேயே விரைந்து மடிகின்றனர் என்று இவர் கருதினார். கடலே உணவும் நீரும் தரும் என்பதைத் தம் உடம்பில் வைத்துக் காட்டத் துணிந்து, காற்றடைத்த இரப்பர்ப் படகொன்றில் தனியராய், கானரித் தீவுகளினின்று அக்டோபர் 19 ஆம் நாள் புறப்பட்டு, டிசம்பர் 23 ஆம் நாள் பார்படோஸ் தீவை அடைந்தார். மீனைப் பிழிந்த சாறும், மழைநீரும், சிறிதளவு கடல்நீரும் பருகினார். நுண்வலையால் அரித்தெடுத்த கடல் நுண்ணுயிர்களை உண்டார். 65 நாளில் உடல் மிக மெலிந்தாரேனும் உயிரோடு கரை கண்டார்.

இம்மூவர் செலவினும் நிகழ்ந்த மீன்கோள் ஒருதன்மையதன்று. பகுத்துக் காண்பார்க்கு நால்வகை புலனாகும். தானே வந்து வீழ்ந்த மீனை எடுத்தல் ஒன்று. இதிற் கொல்லும் கருத்தில்லை. வீழ்ந்ததை உண்ணும் கருத்தே உண்டு. பசி உயிரை ஒறுக்கப் பிடித்தல் இரண்டாவது. பூன் லிம் செய்தது இது. பிறர் உயிரைக் காக்கும் அறிவு பெறவேண்டிப் பசியைத் தாமே வரவழைத்துக்கொண்டு பிடித்தல் மூன்றாவது. பொம்பார் செய்தது இது. பசியுமின்றிப் பயனுமின்றி மிடுக்கினாற் செய்தல் நான்காவது. கான்-டிக்கியை ஒருநாள் மிகப்பெரிய திமிங்கிலச் சுறா ஒன்று நெடுநேரம் சுற்றிச் சுற்றி வந்தது. அஃது ஒருவரையும் தீண்டிற்றில்லை. ஆயினும் அறுவருள் ஒருவர் கிளர்ச்சி மிக்கு அதன் தலையில் எறியீட்டியை ஊன்ற, அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஆழத்தில் மறைந்தது. இங்குப் பசி இல்லை. தன் ஆற்றலைத் தான் காண விழையும் முனைப்பே உண்டு. அதனைச் சித்தாந்திகள் ஆணவத்தின் தொழில் என்பர்.

அதே புணையில் மற்றொரு நாள் நிகழ்ந்ததையும் மறைத்தல் தகாது. தோழருள் ஒருவர் கடலில் வீழ்ந்தார். புணையைத் திருப்ப இயலாது; நீந்தி எட்டவும் இயலாது. அப்போது க்னூட் ஹவ்க்லாண்ட் என்பவர் கயிறு பிணித்த மிதவையைக் கையிற்கொண்டு கடலிற் குதித்து அவரைப் பற்றினார். இருவரையும் ஏனையோர் ஈர்த்தேற்றினர். வேண்டாது ஓருயிரைப் புண்படுத்திய அச்சிறு கூட்டத்திலேயே, தன்னுயிரைப் பொருட்படுத்தாது பிறிதோருயிரைக் காத்த கையும் இருந்தது. ஒரு மனிதக்கூட்டத்தை ஒரு செயலால் அளந்து முடித்துவிடலாகாது என்பதற்கு இது போதும்.

இனிச் சித்தாந்த முடிபைக் கூறுவாம். வினையானது மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றினானும் ஈட்டப்படும். ஒரே காயச்செயல், கருத்து வேறுபாட்டால் வேறு வினையாகும். ஆதலின் மேற்கூறிய நான்கும் ஒரே எடையின அல்ல. பசி கொலையைப் பாவமல்லாததாக்காது. ஆயின் அதன் வன்மையைக் குறைக்கும். முனைப்போ அதனைப் பன்மடங்காக்கும்.

“அற்றேல், எல்லாம் சிவன் செயலாகலின் மீன் பிடித்தலும் அவன் செயலே, பாவம் ஏது?” என்பாரும் உளர். அற்றன்று. சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம், உயிர் இறைவனோடு ஒன்றாகி அவன் பணியில் வழுவாது நிற்குமிடத்தே மும்மலமும் பற்றறக் கழியும் என்றது. நிற்பவனுக்குக் கூறியதை நில்லாதவன் தனக்கு அரணாகக் கொள்ளுதல் பெருங்குற்றம். மீனை விற்ற பொருள் எனது, அதனாலாய பாவம் சிவனது என்று பங்கிடுவான் இறைபணியில் நின்றவனல்லன்.

“இறைவனே வலைவீசினான் அன்றோ? திருவிளையாடலில் வலைஞனாக வந்து சுறாவைப் பிடித்தான், திருவாசகக் கீர்த்தித் திருவகவலும் அவன் மீன்வேடனாகி ஆகமங்களை மீட்டதைப் பேசும்” எனின், அவை அருட்செயல்கள். அவன் பிடித்தது உண்ணுதற்கன்று. சாபத்தால் மீனாயினானை மீட்டற்கும், மறைந்த நூலை உலகுக்கு அளித்தற்கும். ஆயினும் அவ்வரலாறுகளில் நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. ஆகமத்தை மீட்கத் திருவுளங்கொண்டவன் அந்தணன் வடிவையோ அரசன் வடிவையோ மேற்கொண்டிலன். வலையேந்தும் வடிவையே மேற்கொண்டான். அவ்வடிவை இழிவென்று அவன் கருதியிருப்பின் ஆகமமும் நம் கையில் இராது, சைவமும் இராது. அதனைப் போற்றும் நாம், அதே வலையேந்தி வந்த ஒருவரைத் திண்ணையினின்றும் போக்கிவிட்டோம்.

இனி நாயனார் வரலாற்றுக்கு வருவாம். நாகைக் காரோணத்தை அடுத்த நுளைப்பாடியில் பரதவர் தலைவராய் விளங்கிய அதிபத்தர், வலையிற் பட்டவற்றுள் ஒரு மீனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டுவருதலை நியமமாகக் கொண்டனர். ஒரு காலத்து நாடோறும் ஒரு மீனே அகப்பட்டது. அந்த ஒன்றையும் விட்டனர். செல்வம் சுருங்கிற்று, சுற்றத்தார் பசியால் வருந்தினர், அவர் உடல் மெலிந்தது, நியமம் மெலியவில்லை. முடிவில் ஒருநாள் பொன்னும் மணியுமாய்ச் சமைந்த மீனொன்று அகப்பட, அதனையும் விட்டனர். பெருமான் விடைமேல் எழுந்தருளினான்.

இவ்வரலாற்றை யாம் நாற்பதாண்டு பொன்மீனைக்கொண்டே விளக்கிவந்தோம். பொன்னாசையை வென்றார் என்பது அவ்விளக்கம். அது பிழையன்று, ஆயின் சிறியது. பொன்மீனை விடுதலினும் அரியது, முன்னாட்களில் அந்த ஒற்றை மீனை விட்டது. பொன் இல்லாமலும் மனிதன் வாழலாம். சோறில்லாமல் வாழ்தல் இயலாது. மிதவையோர்க்குப் பசி, பிடித்தற்கு உரிமை தந்தது. அதிபத்தர்க்கோ அப்பசி, கொடாமைக்கு உரிமை தரவில்லை. பசியைக் காட்டி உலகத்தார் எதனையும் நிறுத்திவைப்பர். அவர் அன்பை நிறுத்திவைத்திலர்.

மற்றொன்று. கண்ணப்பர் இறைவனுக்கு ஊன் ஊட்டினார். அதிபத்தர் ஊட்டிலர், மீனை உயிரோடு கடலில் விட்டார். அவர் படைத்த படையல் ஓர் உயிரின் விடுதலை. இறைவன் பெற்றது யாது? ஒன்றுமில்லை, கடலும் அவனுடையதே, மீனும் அவனுடையதே. மீன் பெற்றது உயிர். அதிபத்தர் இழந்தது “எனது” என்னும் சொல். வலைக்குள் வந்தது எனதன்று என்று நாள்தோறும் ஒருமுறை தம் கையாற் கடலுக்குச் சொல்லிவந்தார். ஒன்றை எனதன்று என விட்டவன், ஏனையவற்றையும் எனதென்று கொண்டிரான். அவன் தந்தவை என்றே கொண்டிருப்பான். ஆதலின் விட்ட ஒன்று எஞ்சிய பலவற்றையும் தூயனவாக்கிற்று. முதியவர் வினாவிய, “விட்டது ஒன்று, பிடித்தது பல” என்பதற்கு விடை இதுவேயாம். அரனடிக்கு அன்பர் செய்யும் குற்றமும் அறத்தின்பாற் படும், அன்பிலார் செய்யும் அறமும் குற்றமாய் முடியும் என்று சிவஞானசித்தியார் சண்டேசரையும் தக்கனையும் காட்டித் தெளிவித்ததும் இக்கருத்தே பற்றியது.

“சுற்றத்தைப் பசியில் வாடவிட்டது அறமாகுமா?” என்னும் ஐயம் இங்கு எழும், எழுதல் வேண்டும். இதற்கு எளிய விடை கூறுவாரை யாம் நம்புவதில்லை. தம் பசியைத் தாம் பொறுத்தல் தவம்; மக்கள் பசியைப் பொறுத்தலைத் தவமென்று ஏனையோர்க்கு விதித்தல் ஆகாது. செயற்கரிய செய்த பெரியார் வழி அது. கண்டு வணங்குதற்குரியது, கண்டபடி செய்தற்குரியதன்று. இவ்வளவில் எம் அன்றைய சொல் மெய்யே. ஆயின் அம்மெய்யை, வினாவியவரைத் தள்ளுதற்குக் கருவியாகக் கொண்டது எம் பிழை.

இனி, தொழிலை விட்டு வாரும் என்ற எம் சொல்லை நோக்குவாம். சேக்கிழார் அதிபத்தர் தொழிலை விட்டார் என்று கூறவில்லை. பெருமான் எழுந்தருளிய அந்நாளும் அவர் வலையோடு கடலிலேயே இருந்தார். திருநீலகண்டர் குயவராகவே இருந்தார். திருக்குறிப்புத்தொண்டர் வண்ணாராகவே இருந்தார். சத்திநிபாதம் மலபரிபாகத்தை நோக்கி நிகழ்வது. தொழிலை நோக்கி நிகழ்வதன்று. அங்ஙனமாகவும், இறைவன் வையாத நிபந்தனையை யாம் திண்ணையிலிருந்து வைத்தோம்.

அன்றியும், கொலையின்றி வாழ்கின்றோம் என்னும் நம் செருக்கையும் ஆராய்தல் நன்று. உழுசாலிற் புழு மடியாது நெல் விளைவதில்லை. பூசைக்கு உடுக்கும் பட்டின் நூல், கூட்டினுள் வெந்து மடிந்த புழுவின் உடைமை. திருமேனியிற் சாத்தும் முத்து ஒரு சிப்பியின் உயிரை விலையாகக் கொண்டது. அபிடேகத்துக்கு ஏந்தும் சங்கமும், பூசையில் ஊதும் சங்கமும் மன்னார்க்குடாக் கடலில் மூழ்குவோர் எடுத்துத் தந்தவை. எடுத்த நாளில் ஒவ்வொன்றினுள்ளும் ஓருயிர் இருந்தது. எடுத்தவன் கை கறைபட்டது, ஊதும் நம் வாய் தூயது என்று கூற எந்நூல் இடந்தருகின்றது? கறை உண்டெனின் இருவர்க்கும் உண்டு. சிவபணியாற் கழியும் எனின் இருவர்க்கும் கழியும்.

கடற்றொழிலிலும் கருதத்தக்க வேறுபாடுகள் உண்டு. சோழமண்டலக் கரையிற் கட்டுமரமேறிக் கோலா பிடிப்போர், தழைக்கற்றைகளைக் கடலில் மிதக்கவிட்டு, அவற்றில் முட்டையிட வந்து அடையும் மீன்களைக் கோரியெடுத்தல் மரபு. இன்று அக்கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் பைபர் படகுகள் பற்றிக்கொண்டன. விசைப்படகுகளின் இழுவலையோ கடலடியைப் பெருமீன், குஞ்சு என்று பாராது வாரிக்கொள்வது. கருவுற்றதை விடுதலும், குஞ்சை விடுதலும், வேண்டிய அளவில் நிறுத்துதலும் அதிபத்தர் நியமத்தின் வழிவந்த அறங்களே. மீனவர்க்கு நாம் கூறத்தக்க அறம், “மீன் பிடியாதே” என்பதன்று. “பிடிப்பவற்றுள் விடத்தக்கதை விடு” என்பது. முன்னதைக் கேட்பார் எம் முதியவர்போல எழுந்து போவர். பின்னதைக் கேட்பார்க்கு, அஃது அவர் குலத்து நாயனாரே வகுத்த வழி.

எஞ்சியது பேரனைப்பற்றிய வினா. இதற்கே யாம் முதலில் விடை கூறியிருத்தல் வேண்டும்.

அவ்வலை எழுந்தது சுமத்திரையை அடுத்த கடலடியில் நிலம் பிளந்து அதிர்ந்தமையால். அது மீனவர் குடிசையையும் தொட்டது. வேளாங்கண்ணிக்கு வழிபட வந்தாரையும் தொட்டது. ஒரு மீனையும் பிடித்தறியாதாரையும் கொண்டுபோயிற்று. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். இதனை ஒரு குலத்தின் பாவக்கணக்காகக் கூறுதல் காட்சிக்கும் பொருந்தாது, நூலுக்கும் பொருந்தாது. வினை, செய்த உயிரையே சென்று பொருந்தும் என்பதும், இறைவனே அதனைக் கூட்டுவிப்பான் என்பதும் நம் கொள்கை. தாத்தன் ஈட்டியதைப் பேரன் துய்ப்பான் என்பது நம் கொள்கையன்று. ஓருயிரின் பிராரத்தம் யாது என்பதை அறிவான் இறைவன் ஒருவனே. அதனை அறிந்தார்போலத் துயருற்றார் முகத்தில் எறிவது சித்தாந்தம் அன்று. சித்தாந்தச் சொற்களை ஈட்டியாக்குதல். கான்-டிக்கிப் புணையில், தீங்கு செய்யாது சுற்றிவந்த உயிரின் தலையில் ஊன்றிய ஈட்டிக்கும் இதற்கும் யாம் வேற்றுமை காணவில்லை. துக்கம் கேட்க வந்தவர் அதனை ஊன்றினார். யாம் அதனைப் பிடுங்காமல் இருந்தோம். வாய்திறவாமையும் அவ்விடத்து ஒரு வினையே.

திருவாதவூரடிகள் தம்மைப் பிறவிக்கடலில் அலையுண்டு, சுறவின் வாய்ப்பட்டு, ஐந்தெழுத்தாகிய புணையைப் பற்றிக்கிடப்பவராகக் கூறினர். அத்திருப்பாட்டைக் கடல் காணாத யாம் உவமையென்று படித்தோம். அம்முதியவர் அதனைக் கேட்டால் உவமையென்று கொள்ளார். தம் நேற்றைய நாளென்றே கொள்வார். புணையின் இயல்பை அறிந்தவரும் அவரே. கட்டுமரத்தின் கட்டைகளுக்கிடையே நீர் புகும், வழியும். புகுந்த நீர் தங்குதற்கு அதில் இடமில்லை. ஆதலின் அது நிறைந்து மூழ்குவதில்லை. கரைசேர்ந்தவுடன் கட்டவிழ்த்து, ஊறிய நீர் வற்றும்படி வெயிலிற் காயவைப்பர். வினை வந்து புகினும் தங்க இடங்கொடாத உயிரும் அத்தகையதே. “எனது” என்னும் பள்ளம் உள்ள கலத்திலேயே நீர் தேங்கும். அன்பர் ஒருவர் அன்றாடம் ஒன்றை விடுதல், அப்பள்ளத்தைத் தூர்த்தலாம்.

ஆதலின், அவர் வினாக்களுக்கு எம் விடை இது. பெரியவரே, நாயனாரை அப்பாவம் பற்றவில்லை. அவர் எதனையும் தமதென்று பற்றாமையால். உம் பேரன் உம் மீன்களுக்காக மடிந்தானல்லன். அவ்வாறு கூறினார் நூல் அறியாதார். தீக்கை உமக்கு உண்டு. வலையைக் கரையில் வைத்துவிட்டு வந்தாலும் உண்டு, தோளில் இட்டுக்கொண்டு வந்தாலும் உண்டு. “விட்டால் உண்பது எது?” என்றீர். முழுதும் விடவேண்டா, ஒன்றை விடும். அதற்குமேல் விடுவிப்பவன் அவன்.

திருமடங்களுக்கும் சைவ சபைகளுக்கும் ஒரு விண்ணப்பம். ஆவணித் திங்கள் ஆயில்ய நாளில் நாகையிற் பொன்மீனைக் கடலில் விடும் விழா நிகழ்ந்துவருகின்றது. அந்நாளில் நம் புலவர் சிலர் கடற்கரைக் குப்பங்கள்தோறும் சென்று அதிபத்தர் வரலாற்றை விரித்துரைத்தலும், வேண்டுவார்க்கு ஆண்டே சமயதீக்கை செய்வித்தலும் தக்கன. அவர் நம் திண்ணைக்கு வரும்வரை காத்திருத்தல் தகாது. வந்த ஒருவரை யாம் அனுப்பிவிட்டோம். அவர் ஊர்ப்பெயரையும் கேட்டறிந்திலேம். ஆதலின் இவ்விடையை அவரிடம் சேர்ப்பிக்க எமக்கு வேறு வழியில்லை. இதனைப் படிக்கும் அன்பர் எவரேனும் நாகைக் கரையில் அவரை ஒத்த முதியவர் ஒருவரைக் காண்பாராயின், எமக்காக இதனை வாய்மொழியாற் கூறுவாராக. ஆடியமாவாசைதோறும் எம் திண்ணை திறந்தே இருக்கும்.

திருச்சிற்றம்பலம்.